பந்தியில் ஓர் இடம்

சென்ற கோடை விடுமுறை முடிந்து தில்லிக்குத் திரும்பிய அன்று இரவு, விடுதி உணவுக்கூடத்தில் நண்பர்கள் ஒவ்வொருவரும் தாம் போய் வந்த ஊர்களின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மணாலிக்குச் சென்று பனியைக் கையால் தொட்டாராம். மற்றொருவர் ரிஷிகேசத்தில் கங்கை வெள்ளத்தில் படகு விட்டாராம். என் முறை வந்தது.

"ஏற்காட்டில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

"என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா?"

"இரண்டும் இல்லை. மனவளர்ச்சி குன்றியவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து தங்குகிற முகாம். கிறிஸ்தவர்கள் நடத்துவது."

மேஜையில் சிறிது நேரம் பேச்சு இல்லை. பிறகு ஒருவர், "சேவையா? மிகவும் நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மதம் மாற்றுகிற வேலையோ?" என்று கேட்டார்.

இரண்டு பேருக்கும் நான் நேரான பதில் சொல்லவில்லை. "இன்று பருப்பு நன்றாயிருக்கிறது" என்று பேச்சை மாற்றினேன். எங்கள் விடுதிப் பருப்பை ஒருவன் புகழ்ந்தால் அவன் எதையோ மறைக்கிறான் என்று அவர்கள் உடனே கண்டுகொண்டிருக்க வேண்டும்! உண்மை இதுதான். நான் சேவை செய்யப் போகவில்லை. என் அம்மாவோடும் அண்ணனோடும் போனேன். இரண்டு வருஷமாக ஒரே மேஜையில் உண்ணும் அந்த நண்பர்களுக்கு, எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்பதே தெரியாது. வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "அப்பா, அம்மா, நான்" என்று சொல்லிப் பழகியவன் நான். சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, அன்று உணவுக்கூடத்தில் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அண்ணனுக்கு இப்போது 27 வயது. என்னைவிட ஆறு வயது மூத்தவன். பேச்சு நான்கு வயதுக் குழந்தையின் பேச்சு. "தம்பி" என்பது அவன் வாயில் "தம்மி" ஆகிவிடும். கூட்டத்தைக் கண்டால் கைகொட்டுவான். மகிழ்ச்சி மிகுந்தால் உரக்கக் கூவுவான். சாப்பிடும்போது கொஞ்சம் சிந்தும். அவன் செய்த குற்றங்கள் இவ்வளவே.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது சேலத்தில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் நடந்தது. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. அண்ணன் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் ஒருவர், நல்லவர்தான், எங்களுக்கு எத்தனையோ உதவிகள் செய்தவர், அம்மாவை ஓரமாக அழைத்தார். "சம்பந்தி வீட்டார் உட்காருகிற பந்தியம்மா. பெரியவனை உள்ளே கூட்டிப்போய் வெச்சுச் சாப்பாடு போடு" என்றார். மண்டபத்தில் சாமான் வைக்கிற அறை ஒன்று இருந்தது. தேங்காய் மூட்டைக்கும் வாடகைப் பாத்திரங்களுக்கும் நடுவே ஓர் இலையைப் போட்டு அண்ணனை உட்கார வைத்தார்கள். அம்மாவும் அங்கேயே அவனோடு இருந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரையில் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெரியவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர் அம்மாவிடம் பேசியபோது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷமாக மறக்க முடியவில்லை.

2011ஆம் வருஷத்துக் குடிமதிப்பின்படி நம் நாட்டில் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். நாம் போகிற கல்யாணங்களில், சினிமாக் கொட்டகைகளில், தேர்த் திருவிழாக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கண்ணில் படுகிறார்களா? எல்லோரும் சாமான் அறைகளில் இருக்கிறார்கள் போலும்.

ஏற்காட்டு முகாமுக்கு எங்களை அழைத்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அண்ணனைப் போல ஒரு மகள் உண்டு. அம்மாவுக்கு முதலில் இஷ்டமில்லை. "எங்களையும் ஜெபம் பண்ணச் சொல்லுவாங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். டீச்சரம்மா சிரித்தார். "நாங்க பண்ணுவோம். நீங்க உங்க சாமியைக் கும்பிட்டுக்குங்க. சாப்பாடு மட்டும் எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடணும். அது ஒண்ணுதான் கண்டிப்பு" என்றார்.

அந்தக் கண்டிப்பின் பொருள் எனக்கு முதல் நாள் இரவே விளங்கியது. முகாமில் மொத்தம் 35 பேர் இருந்தோம். அவர்களில் 11 பேர் அண்ணனைப் போன்றவர்கள். மற்றவர்கள் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறகு உதவிக்கென்று வந்த கல்லூரி மாணவ மாணவியர். நீளமாகப் போட்ட மேஜையில் 35 தட்டுகள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. என்னவென்று விசாரித்தால், நாற்பது வயதுப் பிள்ளை ஒருவர் குளியலறையிலிருந்து வர மறுக்கிறாராம். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாப்பாடு. அரை மணி நேரம் காத்திருந்தோம். எனக்கு நல்ல பசி. இது என்ன வீம்பு என்று நான் முணுமுணுத்ததை டீச்சரம்மா கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொன்னார். தில்லிக்கு வந்த பின் நூலகத்தில் தேடி மீதியையும் படித்துக்கொண்டேன்.

கதை பிரான்சு தேசத்தில், லூர்து என்ற ஊரில் தொடங்குகிறது. லூர்து மாதா நமக்குப் புதியவள் அல்ல. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரிலும் சென்னைப் பெரம்பூரிலும் அவள் பெயரால் கோயில்கள் உண்டு. பிரெனே மலையடிவாரத்தில் உள்ள அந்தச் சிற்றூரில், 1858ஆம் வருஷம் பெர்னதெத் என்ற ஏழைப் பெண்ணுக்கு ஒரு குகையில் தேவமாதா காட்சி தந்தாள் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அன்று முதல் நோயாளிகள் அங்கே ஆயிரக்கணக்கில் போகிறார்கள். நோயாளிக்கு லூர்தில் கிடைக்கிற மரியாதை வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். பவனியில் சக்கர நாற்காலிகளுக்கே முதலிடம். நடக்கிறவர்கள் பின்னால்தான் வர வேண்டும்.

அப்படிப்பட்ட ஊருக்கு 1960களில் வட பிரான்சைச் சேர்ந்த ஒரு தம்பதியர் போக விரும்பினார்கள். அவர்களுடைய இரண்டு பையன்களும் மனவளர்ச்சி மிகவும் குன்றியவர்கள். தங்கள் மறைமாவட்டத்து யாத்திரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. பையன்களுக்கு யாத்திரை என்னவென்றே புரியாது, மற்றவர்களுடைய பக்திக்கும் இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். பெற்றோர் விடவில்லை. தாங்களாகவே பையன்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். லூர்தில் தங்க இடம் கிடைப்பது அரிதாயிற்று. கடைசியில் ஒரு ஓட்டலில் இடம் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. சாப்பாட்டுக் கூடத்துக்கு வரக்கூடாது. அறையிலேயே சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

டீச்சரம்மா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயாளிகளை மாலையிட்டு வரவேற்கும் ஊரிலேயே இது எப்படி நேர்ந்தது? நான் யோசித்துப் பார்த்தேன். நோயாளி என்றால் குணமாகலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் உண்டு. குணமாகாவிட்டாலும் பொறுமையோடு படுத்திருப்பார், மற்றவர்கள் பார்த்து உருகலாம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உருக விடுவதில்லை. திருப்பலி நடுவே சிரிக்கும். பக்கத்திலிருப்பவரின் தொப்பியை எடுக்கும். நமது இரக்கத்துக்கு அடங்காதவர்களிடம் நமக்குக் கோபம் வருகிறது. என் வரையில் இது உண்மை.

இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ட்ரோட் என்ற மருத்துவர் 1950களிலேயே வேறொரு வழியைக் கண்டிருந்தார். ஊனமுற்ற குழந்தைகளை அவர் லூர்துக்கு அழைத்துச் சென்றபோது, மருத்துவமனைக் கட்டில்களில் வரிசையாகப் படுக்க வைக்காமல், எல்லோரையும் போல ஓட்டலில் தங்க வைக்கலானார். ஒரு சிறு குழு, சில குழந்தைகள், சில பெரியவர்கள், ஒரு விடுமுறைப் பயணம். இதற்காக 1956இல் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. இன்றும் ஈஸ்டர் காலத்தில் அந்தக் குழுக்கள் லூர்துக்குப் போகின்றன. ஆனால் பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள் என்று குடும்பத்தையே ஒன்றாகச் சேர்த்த இயக்கம் அந்தப் பிரெஞ்சுத் தம்பதியரின் மனக்குறையிலிருந்துதான் பிறந்தது.

அவர்கள் தங்கள் குறையை இரண்டு பேரிடம் சொன்னார்கள். ஒருவர் மரி எலேன் மாத்தியூ என்ற அம்மையார். ஊனமுற்றோருக்கான கிறிஸ்தவ அலுவலகம் ஒன்றைப் பாரிசில் 1963இல் நிறுவியவர். மற்றவர் ழான் வானியே. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவருடைய மகன். கடற்படை அதிகாரியாக இருந்து, அதை விட்டுத் தத்துவம் படித்தவர். 1964இல் பிரான்சில் த்ரோஸ்லி என்ற கிராமத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கி, பெரிய காப்பகமொன்றில் அடைந்து கிடந்த மனவளர்ச்சி குன்றியவர்களை அழைத்துவந்து அவர்களோடு தாமும் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு 'லார்ஷ்' என்று பெயர். நோவாவின் பேழை என்று பொருள்.

இவர்கள் சேர்ந்து ஒரு யாத்திரைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஏற்பாட்டுக்கே மூன்று வருஷம் பிடித்தது. எல்லோரையும் ரெயிலேற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை என்பது முதல் விதி. அந்தந்த ஊரில் முப்பது பேர் கொண்ட சிறு குழுக்களாகச் சேர வேண்டும். ஊனமுற்றவர், பெற்றோர், இளம் நண்பர்கள் என மூன்று வகையினரும் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும். யாத்திரைக்கு முன்பே மாதந்தோறும் கூடி ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும்படி பழகியிருக்க வேண்டும். எங்கள் ஏற்காட்டு முகாமின் 35 பேர் என்ற கணக்கு இதிலிருந்துதான் வந்தது. அதற்கு மேல் போனால் பெயர் மறந்துபோகும் என்றார் டீச்சரம்மா.

1971ஆம் வருஷம் ஏப்ரல் 9ஆந் தேதி, பெரிய வெள்ளியன்று, அவர்கள் லூர்தில் வந்து இறங்கினார்கள். 15 நாடுகளிலிருந்து 12,000 பேர். அவர்களில் 4,000 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஊரில் அச்சம் இருந்தது. இத்தனை பேர் சேர்ந்தால் என்ன ஆகுமோ, யார் ஆற்றில் விழுவார்களோ, கடைகளை என்ன செய்வார்களோ என்ற அச்சம். ஒன்றும் ஆகவில்லை. பாட்டும் ஆட்டமுமாக நான்கு நாள் கழிந்தது. வருஷக்கணக்கில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்த தாய்மார்கள் தெருவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ஓட்டல்களின் சாப்பாட்டுக் கூடங்கள் நிறைந்திருந்தன. முன்பு அறைக்குள்ளேயே சாப்பிட்ட அந்தக் குடும்பமும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தது.

அந்த ஒரு யாத்திரையோடு காரியத்தை முடித்துவிடுவது என்பதே ஏற்பாட்டாளர்களின் எண்ணம். திங்கட்கிழமை பிரியும் நேரத்தில் ஜனங்கள் கலைய மறுத்தார்கள். மாதக் கூட்டங்கள் தொடர்ந்தன. 'ஃபுவா ஏ லூமியேர்', அதாவது 'விசுவாசமும் ஒளியும்', என்ற பெயர் நிலைத்தது. 1975இல் ரோமாபுரிக்கு ஒரு யாத்திரை போனார்கள். 1981இல் மறுபடியும் லூர்து. இன்று ஏறத்தாழ 80 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. மாத்தியூ அம்மையார் இந்த வரலாற்றை 2011இல் ஒரு நூலாக எழுதினார். 'இனித் தனிமை இல்லை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

மாதம் ஒரு முறை சந்திப்பது ஒரு பிற்பகல் காரியம். கோடையில் ஒரு வாரமோ பத்து நாளோ சேர்ந்து தங்கும் முகாம் அதிலிருந்து வளர்ந்தது. போலந்தில் இது மிகவும் வேரூன்றியது. அங்கே இந்த இயக்கம் 1970களின் இறுதியில், கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. மாணவர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். முகாமில் ஒவ்வொரு ஊனமுற்றவருக்கும் ஒரு தோழர் என்ற வழக்கம் அங்கே நிலைபெற்றது. பத்து நாளும் அவரோடு உண்டு, உறங்கி, நடந்து திரிய வேண்டும். தாய் தந்தையர் அந்தப் பத்து நாள் வெறுமனே உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்! பிள்ளை பிறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் ஓய்வு என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டுத் தொடர்பு இன்னும் முந்தியது. லூர்து யாத்திரைக்கு ஒரு வருஷம் முன்பே, 1970இல், பெங்களூரில் 'ஆசா நிகேதன்' என்ற பெயரில் லார்ஷ் இல்லம் தொடங்கப்பட்டது. பிறகு கல்கத்தாவிலும் சென்னையிலும் கேரளத்திலும் கிளைத்தது. அங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவரவர் வழிபாடு அவரவர்க்கு. டீச்சரம்மா எங்கள் அம்மாவிடம் சொன்ன பதில் திடீரென்று தோன்றியது அல்ல என்பதை இதைப் படித்த பிறகு அறிந்தேன். ஆயினும் நண்பரின் சந்தேகத்தை அலட்சியப்படுத்தவும் விரும்பவில்லை. ஏற்காட்டில் நடந்தது கிறிஸ்தவ முகாம்தான். காலையில் பாட்டு, மாலையில் வேதவாசகம், நடுவில் சிலுவை. எங்களை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. அம்மா தினமும் விபூதி பூசிக்கொண்டுதான் கூடத்துக்கு வந்தாள். அண்ணனுக்கு மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற உத்தியோகம் மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அதே உத்தியோகத்தை எங்கள் பூஜையறைக் குத்துவிளக்கில் செய்துகொண்டிருக்கிறான்.

தோழர்களைப் பிரித்துக் கொடுத்தபோது எனக்கு அண்ணன் கிடைக்கவில்லை. சொந்த வீட்டாரைப் பார்த்துக்கொள்ளக் கூடாதாம். குளியலறையை விட்டு வர மறுத்த அந்த நாற்பது வயதுக்காரர் என் பங்குக்கு வந்தார். பேச்சே கிடையாது. காகிதத்தைக் கண்டால் நீளநீளமாகக் கிழிப்பார். முதல் நாள் என் ரெயில் டிக்கெட்டைக் கிழித்தார். இரண்டாம் நாள் நான் படிக்கக் கொண்டுபோயிருந்த பாடக் குறிப்புகள் போயின. மூன்றாம் நாள் நானே பழைய தினசரிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து கிழித்தோம். நேர்கோட்டில் கிழிப்பது எவ்வளவு கடினம் என்பது கிழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்! அவர் கோணாமல் கிழித்தார். என்னுடையது கோணியது. என் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அண்ணனுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரி மாணவி ஒருவர் தோழியானார். இரண்டாம் நாள் மாலை அவர் என்னிடம் வந்து, "உங்கள் அண்ணன் எவ்வளவு நன்றாகத் தட்டுப் போடுகிறார்! 35 பேருக்கும் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கிறாரே, வீட்டிலும் அவர்தான் செய்வாரா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வீட்டில் நாங்கள் அவனைத் தட்டைத் தொட விட்டதே இல்லை. உடைத்துவிடுவான் என்று பயம். எங்கள் வீட்டுத் தட்டுகள் எவர்சில்வர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் மழை. எல்லோரும் கூடத்திலேயே அடைந்திருந்தோம். சுவரில் போப்பாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று இருந்தது. அதன் கீழே சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம். இங்கே என்ன படம் இருந்தது என்று கேட்டேன். "வானியே படம். நான்தான் எடுத்தேன்" என்றார் டீச்சரம்மா.

அந்தக் கதையையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதி வரலாறாகிவிடும். வானியே 2019 மே மாதம் தமது 90ஆம் வயதில் காலமானார். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் மகான் என்று எழுதின. 2020 பிப்ரவரியில், லார்ஷ் அமைப்பே வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணையின் முடிவு வெளிவந்தது. ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில், 1970 முதல் 2005 வரையில், 6 பெண்களை அவர் தமது இச்சைக்குப் பயன்படுத்தியிருந்தார். 2023 ஜனவரியில் ஆராய்ச்சிக் குழுவொன்று ஏறக்குறைய 900 பக்க அறிக்கை கொடுத்தது. அதன்படி 1952 முதல் 2019 வரையில் பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர். அவர்களில் மனவளர்ச்சி குன்றியவர் எவரும் இருந்ததாகத் தெரியவரவில்லை. வானியேயின் குருவான தோமா பிலிப் என்ற பாதிரியார் இதே குற்றத்துக்காக 1956இல் திருச்சபையால் தண்டிக்கப்பட்டவர். அவர் இருந்த கிராமத்துக்குத்தான் வானியே போய் லார்ஷைத் தொடங்கினார்.

"ஆயினும் அவர் எவ்வளவு நல்லது செய்தார்" என்று நான் தொடங்கினேன். டீச்சரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தப் பெண்பிள்ளைங்க கிட்டப் போய் அப்படிச் சொல்ல முடியுமா உங்களால? அவருக்காகவா நான் இங்கே வந்தேன்? என் மகளுக்காக வந்தேன். இந்த மேஜையைக் கேட்டது அந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா. அவங்க படம் எங்கிட்ட இல்லை. இருந்தா மாட்டுவேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ராத்திரியிலே யாரும் யாரோடயும் தனியறையிலே இருக்கக்கூடாதுன்னு விதி போட்டிருக்கோமே, உங்களுக்கு அது தொந்தரவா இருக்குன்னு சொன்னீங்களே, அது ஏன்னு இப்பத் தெரியுதா?" என்றும் கேட்டார். முதல் நாள் நான் அப்படி அலுத்துக்கொண்டது உண்மை.

அந்த ஆணியைப் பற்றி நான் பிறகும் நிறைய யோசித்தேன். அதைப் பிடுங்கிவிட்டு வேறு படத்தை மாட்டியிருக்கலாம், சதுரத்தின் மேல் வெள்ளை அடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது. லார்ஷ்காரர்களும் தங்கள் குற்றத்தைத் தாங்களே ஆள் வைத்துத் தோண்டி உலகத்துக்குச் சொன்னார்கள். எத்தனை மடங்களும் எத்தனை கட்சிகளும் இதைச் செய்திருக்கின்றன?

கடைசி இரவு பாதம் கழுவுதல். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இயேசுநாதர் சீடர்களின் காலைக் கழுவியதாக வருகிறதல்லவா, அதன்படி வட்டமாக உட்கார்ந்து ஒருவர் காலை அடுத்தவர் கழுவித் துடைக்க வேண்டும். விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம். அம்மா எழுந்துகொள்ளப் பார்த்தாள். அதற்குள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எழுபது வயதிருக்கும், தாம்பாளத்தோடு அவள் எதிரே குனிந்துவிட்டார். "ஐயோ, வேண்டாங்க, நீங்க பெரியவங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள். அவர் அசையவில்லை. பிறகு மெள்ள நீட்டினாள். 27 வருஷமாக அண்ணனைக் குளிப்பாட்டிய கை மடியில் கிடந்தது. அவளுக்கு இப்படி யாராவது தண்ணீர் ஊற்றியதுண்டா என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அண்ணன் முறை வந்தபோது நான்தான் கழுவினேன். அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. உதைத்த உதையில் தாம்பாளத்துத் தண்ணீர் முழுவதும் என் சட்டையில். "தம்மி நனைஞ்சான்! தம்மி நனைஞ்சான்!" என்று அவன் கூவ, அந்தப் பக்தி மயமான கூட்டம் முழுவதும் சிரித்துத் தீர்த்தது.

ஆவணி மாதத்தில் சேலத்தில் மறுபடியும் ஒரு கல்யாணம். அதே உறவு, அதே மண்டபம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரெயிலேறினேன். முதல் பந்திக்கு இலை போட்டதும் அண்ணன் வழக்கம்போல முதலில் ஓடிப்போய் உட்கார்ந்தான். நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அம்மா தயங்கித் தயங்கி இடப்பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பெரியவர் தூரத்திலிருந்து பார்த்தார். எங்களை நோக்கி இரண்டடி வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் வந்து அண்ணன் இலைக்கு அடியில் இன்னோர் இலையைப் பெரிதாக விரித்துவிட்டுப் போனார், சிந்தினால் கீழே போகாமல் இருக்கட்டும் என்று.

எதிர்வரிசையில் ஒரு குழந்தை அவனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதற்குத் தன் அப்பளத்தைக் காட்டிக் கைகொட்டினான். குழந்தையும் கொட்டியது. ரசம் என் வேஷ்டியில் கொஞ்சம் தெறித்தது. பாயசம் வந்தது. அண்ணன் இரண்டாம் தடவையும் கேட்டான். ஊற்றினார்கள்.